ஏழாம் நம்பர் மலை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
போட்டோகொப்பி கடையின் பின்பாதியில்
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்க்கு
ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறவன் நான்.
பிறப்பு, இறப்பு, காணி, விவாகரத்து.
சரியென்று சத்தியம் செய்து முத்திரை குத்துவேன்.

நேற்று தோட்டத்திலிருந்து வந்தது
ஒரு குற்றப்பத்திரம்.
கீழ்ப்பிரிவு மருதாயி,
ஞாயிற்றுக்கிழமை,
காடேறிக் கைவிட்ட ஏழாம் நம்பர் மலையில்
அறுநூறு கிராம் கொழுந்தை
ப்ளக் செய்தார்.

வினைச்சொல் ஒன்றுதான்.
பேனா அதில் நின்றுவிட்டது.

பறித்தார் என்று போட்டேன்.
பஸ்ஸில் சங்கிலியை இழுத்துக்கொண்டு குதித்தவனும்
பறித்தவன்தானே.
வெட்டினேன்.
கொய்தார்,
பூவுக்குச் சரி, பாடப்புத்தகத்துக்குச் சரி,
இடுப்பில் படங்கு கட்டி
அட்டைக்கடியோடு நிற்கிறவள்
எந்தக் காலத்தில் கொய்தாள்?
ஆய்ந்தார் என்றால் கீரை.
கிள்ளினார் என்றால் குழந்தை அழும்.
பிடுங்கினார் என்றால் வேரோடு வரும்.

மழை ஈரத்தில் உப்பிய அகராதியைத் திறந்தேன்.
அந்தச் சொல்
கோழிக்கு இறகு உரிக்கிறது,
கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்துகிறது
(மாடியில் பியூட்டி பார்லர், சாமணத்தோடு ஷிரோமி),
தந்தியில் விட்டால் மீட்டுகிறது.
கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கூலிக்குப் போகிறது.
பிறந்த இடம் மட்டும் உறுதியாகத் தெரியவில்லை.
இலத்தீன்காரன் தலைமயிரிலிருந்து
வந்திருக்கலாம் என்று
ஒரு 'கலாம்' போட்டு முடித்திருந்தார்கள்.
சொல்லுக்கு அது போதும்.
எங்கள் ஆட்களிடந்தான் பத்திரம் கேட்டார்கள்.

இன்னும் கீழே, பொடி எழுத்தில்,
பரீட்சையில் தோற்றவனையும் ஒருகாலத்தில்
அதே வினையால் சொன்னார்களாம்.
சாதாரண தரத்தில் எனக்கு ஆங்கிலம்
இரண்டு தரம் போனது.
மூன்றாம் தரம் எப்படி வந்ததென்று
அதற்குத்தான் தெரியும்.

அதற்கும் கீழே,
அறுத்த ஆட்டின் நெஞ்சிலிருந்து
ஒரே இழுவையில் வரும்
ஈரல், இதயம், நுரையீரல்.
அந்தக் கொத்துக்கும் அதே பெயர்.
அதனால் துணிச்சலுக்கும் அதே பெயர்.
நாங்கள் ஈரக்குலை என்கிறோம்.
அவர்கள் மொழியில் அது எழுந்து நிற்கிறது.
எங்கள் மொழியில் அதற்கு
நடுங்க மட்டுமே தெரிந்திருக்கிறது.

பின்னேரம் மருதாயியே வந்தார்,
தனக்கும் ஒரு கொப்பி வேண்டுமென்று.
குடை சொட்டிற்று.
வெட்டியதையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன்.

"பறிக்கலீங்க. எடுத்தேன்.
ஆறு நாளும் இதே கைதாங்க எடுக்குது.
அப்ப செக்ரோல்ல பேரு போடுறாங்க.
ஏழாம் நாளு எடுத்தா
எப்புடிங்க வேற வார்த்த?"

வேறு இல்லை, ஆங்கிலத்தில்
இரண்டுக்கும் ஒன்றுதான் என்றேன்.

"அது என்னா வார்த்த?"

"ப்ளக்."

வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார்.
"கொழுந்து ஒடையிற சத்தம்
இப்புடி இருக்காதுங்க."
எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை.
மேசை விளிம்பில் ஒருமுறை
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
சேர்ந்து பிரிந்தன.

எடுத்தார் என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
கல்லாவில் காசு குறைந்தாலும்
இதைத்தானே கேட்போம்,
யார் எடுத்தது என்று.
மை காய்ந்திருந்தது.
முத்திரை குத்தினேன்.

கொப்பிக்குப் பத்து ரூபாயைக்
கண்ணாடி மேல் வைத்துவிட்டு
காகிதத்தைச் சட்டைக்குள் செருகி
அவர் நோர்வூட் பஸ்ஸுக்கு ஓடினார்.